நின்ற அலைக்கு ஒரு கடைசிச் சுரம்

அலை எழுந்து வந்து எங்கள் தெருவின் தலைக்கு மேல் நின்ற வருடம் என்று சொல்லித்தான் இன்றைக்கும் நாங்கள் பிள்ளைகளின் வயதையும் படகுகளின் வயதையும் கணக்குப் பார்க்கிறோம். அது விழுந்திருந்தால் கணக்குப் பார்க்க ஆளே இருந்திருக்காது. ஏன் நின்றது என்று கேட்டு வருகிறவர்களுக்கு எங்களிடம் பதில் கிடையாது. எதனால் நின்றது என்று கேட்டால் சொல்லுவோம், செபஸ்தியம்மா மகள் ரெக்சலின் ஒரு வீடியோ கேமுக்குப் போட்ட மெட்டினால் நின்றது, அதுவும் தப்பான மென்பொருளைத் தேர்ந்தெடுத்து அதில் போட்ட மெட்டினால்.

ரெக்சலின் வீடு கடலைப் பார்த்த முதல் வரிசையில் இருந்தது. அதற்கு முன்னால் இருந்த வரிசையைக் கடல் முன்னமே எடுத்துக்கொண்டது, அதற்கும் முன்னால் இருந்ததை அவள் பிறப்பதற்கு முன்பே எடுத்துக்கொண்டது, ஆகையால் எங்கள் தெருவில் முதல் வரிசை என்பது பின்னால் தள்ளிக்கொண்டே போகிற ஒரு பெயர். அந்த வீட்டில் அம்மா செபஸ்தியம்மாவும், நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிற அண்ணன் டிக்சனும், கோவில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிற அவளும் இருந்தார்கள். அவளுடைய கல்லூரித் தோழி வினோதா கோயம்புத்தூரில் இருந்துகொண்டு சொந்தமாக ஒரு கேம் செய்துகொண்டிருந்தாள். முதுகில் சங்கைச் சுமந்தபடி ஒரு நண்டு கரை கரையாகப் போகிற கேம். அதில் கடல் நண்டைத் துரத்துகிற கட்டத்துக்கு ஒரு மெட்டு வேண்டும் என்று அவள் கேட்டாள்.

"ஆடுறவங்க அந்த இடத்துல எவ்வளவு நேரம் மாட்டிக்குவாங்கன்னு சொல்ல முடியாதுடி. அதனால மெட்டு முடியவே கூடாது. கடைசி வந்ததும் யாருக்கும் தெரியாம மறுபடி முதல்லேர்ந்து ஓடணும்" என்று போனில் சொன்னாள் வினோதா.

ரெக்சலினுக்குக் கீபோர்டு தெரியுமே தவிர கணினியில் மெட்டுப் போட்டுப் பழக்கமில்லை. முதன்முதலாக இசையமைப்பவர்களுக்கு எளிது, முற்றிலும் இலவசம் என்று சத்தியம் பண்ணுகிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கண் சிவந்தாள். முதலில் பிடித்த மென்பொருள் இணையத்திலேயே ஓடுவது. எங்கள் தெருவில் மேகம் கூடினால் சிக்னல் போய்விடும், அவள் போட்ட பாதி மெட்டும் அதோடு போய்விட்டது. அடுத்தது ஐந்து கோடுகளின் மேல் சுரங்களை எழுதுவது, கோவில் பாட்டுப் புத்தகம் மாதிரி ஒழுங்கானது, ஆனால் அதில் எதைப் போட்டாலும் சப்பர பவனி போகிற மெதுநடையிலேயே வந்தது, நண்டு ஓடுவதற்குப் பதில் ஜெபம் பண்ணியது. மூன்றாவதாக ஒன்று கிடைத்தது, அதில் படமும் இல்லை நிறமும் இல்லை, வெறும் எண்கள் வரிசை வரிசையாக மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருந்தன, கரண்டு பில் எழுந்து பாடுகிற மாதிரி இருக்கிறது என்று பயந்து அதை அழித்துவிட்டாள். நான்காவது பளபளவென்று இருந்தது. சுரங்கள் வண்ணப் பெட்டிகளாகக் கட்டங்களுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தன, தொட்ட இடமெல்லாம் நாதம் வந்தது, ஒரே பொழுதில் மெட்டு உருவாகிவிட்டது. அந்த மென்பொருள் தொடக்கத்தில் பொடி எழுத்தில் என்னவோ கேட்டது, நாமெல்லாம் செய்கிறதைத்தான் அவளும் செய்தாள், படிக்காமல் சம்மதம் என்று அழுத்திவிட்டாள். இலவசப் பதிப்பில் போட்ட மெட்டைப் பாட்டாக வெளியே எடுக்க முடியாது, சேமிக்கலாம் ஆனால் சேமித்ததைத் திரும்பத் திறக்க முடியாது என்பதுதான் அந்தப் பொடி எழுத்து.

அன்று கள்ளக்கடல். காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் துடைத்துவைத்த மாதிரி இருக்கும், எங்கோ கண்காணாத தூரத்தில் அடித்த புயலின் கோபம் மட்டும் தண்ணீருக்கு அடியில் நடந்து நடந்து நம் கரையில் வந்து எழும். டிக்சன் கரைக்குப் பக்கத்தில்தான் விரித்திருந்தான், தனியாளாக நண்டுவலையை எடுத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குள் ரெக்சலின் லேப்டாப்பை ஸ்பீக்கரில் மாட்டி மெட்டை ஓடவிட்ட அதே நேரத்தில் கடல் பின்வாங்கி, திரண்டு, டிக்சனையும் படகையும் உச்சியில் தூக்கிவைத்துக்கொண்டு, கோவில் கொடிமரத்தின் உயரத்துக்கு எழும்பி வந்து, முதல் வரிசை வீடுகளின் வாசலுக்கு முன்னால் நின்றது. நுரை நுரையாகவே நின்றது. உள்ளே மீன்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன.

வாசலில் செபஸ்தியம்மா போட்ட கூச்சல் என்னவென்று கேட்க ரெக்சலின் மெட்டை நிறுத்தினாள். அலை ஓர் ஆள் உயரம் சரிந்தது. அவள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள், கை தானாகப் போய் மறுபடி அழுத்தியது, மெட்டு ஓடியது, அலை சரிந்த இடத்திலேயே நின்றது. இதை இன்னொரு தடவை சோதித்துப் பார்க்க எங்கள் தெருவில் யாருக்கும் நெஞ்சு வரவில்லை.

முதல்நாள் நாங்கள் அழுதோம், ஜெபமாலை சொன்னோம், மூட்டை கட்டினோம். போவதற்கு இடம் இல்லாததால் மூட்டையை அவிழ்த்தோம். அதற்கப்புறம் மனுஷன் எதற்குத்தான் பழகமாட்டான்! ஊர்க்கமிட்டித் தலைவர் கஸ்பார் கரண்டு போனாலும் மெட்டு நிற்காதபடி ஜெனரேட்டர் ஏற்பாடு செய்தார், லேப்டாப்புக்குக் காவல் முறை போட்டார், ரெக்சலின் வீட்டு ஸ்பீக்கரோடு கோவில் கூம்பு ஒலிபெருக்கிகளையும் இணைத்தார். பெண்கள் அலைக்குள் கையைவிட்டு வேண்டிய மீனைப் பிடித்துக்கொண்டார்கள். வெயில் படாததால் கருவாடு காயவில்லை என்று ஒரு வீட்டிலும், மதியத் தூக்கத்துக்கு இதைவிட நிழல் உண்டா என்று அடுத்த வீட்டிலும் பேச்சு. அதிகாரிகள் வந்தார்கள், உயரம் அளந்தார்கள், நிற்கிற அலைக்கு எந்தத் துறை பொறுப்பு என்று தங்களுக்குள் விசாரித்தார்கள், இரண்டு தடுப்புக் கட்டைகளை வைத்துவிட்டுப் போனார்கள். வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து அலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த மெட்டு எங்கள் நடையில் ஏறியது, மாவு ஆட்டுகிற கையில் ஏறியது, தொட்டில் ஆட்டுகிற காலில் ஏறியது, சாமியார் பிரசங்கத்தைக்கூட அதன் தாளத்தில்தான் வைத்தார்.

டிக்சன் மேலே இருந்தான். திருவிழாக் கொடியேற்றுகிற கயிற்றில் தூக்குவாளியைக் கட்டி அம்மா சோறும் குழம்பும் ஏற்றினாள், அவன் துடுப்பை நீட்டி எடுத்துக்கொண்டான். அதே கயிற்றைப் பிடித்து இறங்கிவிடலாம் என்று ஒருநாள் படகிலிருந்து ஒரு காலை வெளியே எடுத்தான். அலை மொத்தமும் அவன் காலோடு சேர்ந்து முன்னால் சாய்ந்தது. காலை உள்ளே வைத்துக்கொண்டான். அவனையும் அலையையும் பிரிக்க முடியாது என்று அன்றைக்குத் தெரிந்தது. அம்மா வாளியைக் கட்டும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பாள், அந்த உயரத்தில் மகன் முகம் அவளுக்குச் சரியாகத் தெரியாது, கையை ஆட்டினால் மட்டும் தெரியும். அவன் கையை ஆட்டிக்கொண்டே இருப்பான்.

போனுக்குச் சார்ஜும் கொடிக்கயிற்றில்தான் போனது. ஒருநாள் அவன் தங்கையைக் கூப்பிட்டான்.

"ஏட்டி, ஒண்ணு சொல்லுதேன் கேளு. எனக்குப் பாட்டும் தெரியாது ஒண்ணும் தெரியாது. ஆனா முடிஞ்சு மறுபடி தொடங்குத இடத்துல ஒரு வெட்டு விழுது. ஒவ்வொரு வெட்டுக்கும் படகு ஒரு நூல் முன்னால சாயுது."

"நெசமாவா அண்ணே?"

"நான் அதுமேலதாம்ட்டி உக்காந்திருக்கேன்."

ரெக்சலின் வெளியே ஓடி அலையின் நிழலைப் பார்த்தாள். தொடக்கத்தில் வாசற்படிக்கு வெளியே இருந்த நிழல் இப்போது வீட்டுக்குள் வந்து அடுப்பைத் தொட்டிருந்தது. அலை உச்சியின் நுரை அவர்கள் கூரைக்கு நேர்மேலே குனிந்திருந்தது. நாங்கள் எல்லாரும் அதன் கீழேதான் நடமாடிக்கொண்டிருந்தோம், ஒருத்தரும் கவனிக்கவில்லை. உச்சி இன்னும் குனிந்தால் அது தானாகவே விழும், அப்போது டிக்சனும் இல்லை தெருவும் இல்லை.

வெட்டைச் சரி செய்யப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்த மெட்டின் கடைசிச் சுரத்தில் விரலை வைத்ததுமே அலை நடுங்கியது, தூக்குவாளி மேலிருந்து கழன்று வந்து தெருவில் விழுந்தது. வேறு ஒரு பிரதி எடுத்து அதில் சரி செய்யலாம் என்று சேமித்தாள். திறக்க முடியாது, பணம் கட்டு என்றது மென்பொருள். கட்டவும் தயாராகத்தான் இருந்தோம், கஸ்பார் உடனே பையைத் திறந்தார். கட்டினால் மென்பொருளை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும் என்று அது சொன்னது. அந்த ஒருமுறைக்கு அலை காத்திருக்குமா? கஸ்பார் பையை மூடிக்கொண்டார். அன்றைக்கு ரெக்சலின் லேப்டாப்புக்கு எதிரில் உட்கார்ந்து குமுறிக் குமுறி அழுதாள்.

வினோதா கோயம்புத்தூரிலிருந்து தன் லேப்டாப்போடு வந்து இறங்கினாள். அலையை அண்ணாந்து பார்த்தாள், டிக்சன் கையை ஆட்டினான், இவளும் பதிலுக்கு ஆட்டினாள். பிறகு மெட்டைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"கடைசிச் சுரம் அடங்குற வாலை ஏண்டி வெட்டினே?"

"பெட்டி கட்டத்துக்கு வெளிய நீட்டிக்கிட்டு அசிங்கமா இருந்துச்சு."

"முதல்முதல்ல போடுற எல்லாரும் பண்றதுதான் இது. வால் வெளியே போகட்டும்னு விடணும். அது போயி அடுத்த சுத்தோட தலையில படரணும். அப்பத்தான் வெட்டு விழாது."

இருவரும் யோசித்து, எண்கள் இறங்குகிற அந்தப் பழைய மென்பொருளையே வினோதாவின் லேப்டாப்பில் மறுபடி இறக்கினார்கள். அது யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, சம்மதம்கூடக் கேட்கவில்லை. இந்தத் தடவை ரெக்சலின் பயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எண்களைப் பார்த்தாள், பார்க்கப் பார்க்க அவை பழகின. இந்த வரியில் சுரம் எழுகிறது, இந்த வரியில் அடங்குகிறது, அதற்குமேல் அதில் ஒளிவுமறைவே இல்லை. மெட்டை வரிவரியாக அதில் மறுபடி போட்டாள். வாலை வெட்டாமல் விட்டாள். கடைசி வரிக்கு வந்ததும் அவள் கை நின்றது. இங்கிருந்து முதல் வரிக்குத் திரும்பு என்று சொன்னால் வெட்டு இல்லாத மெட்டு, அலை சாயாது, விழாது, என்றைக்கும் நிற்கும், அண்ணனும் என்றைக்கும் மேலே நிற்பான். திரும்பாதே என்று சொல்லி ஒரு முடிவு எழுதினால் அலை இறங்கும். மெதுவாக இறங்குமா, ஒரேயடியாக இறங்குமா என்று எந்த வீடியோவும் சொல்லித்தரவில்லை.

கமிட்டி கூடியது. கஸ்பார் எழுந்தார். அவர் வீடு இரண்டாம் வரிசை, அவர் மகனும் கடலுக்குப் போகிறவன்தான்.

"எம்மா ரெக்சலின், அந்த வெட்டை மட்டும் சரி பண்ணிரு. அலை அப்படியே நிக்கட்டும். கடலுக்கும் நமக்கும் நடுவுல கடலே சுவரா நிக்குது, இதவிட என்ன வேணும்? இனி ஒரு வீடு போவாது. முதல் வரிசை எந்தக் காலத்துக்கும் முதல் வரிசையாவே இருக்கும்."

"அண்ணன் கதி என்ன மாமா?"

"அவனுக்கு என்ன கொறை? வேளாவேளைக்குச் சோறு ஏறுது. ஊரே அவனப் பாத்துக் கையாட்டுது."

செபஸ்தியம்மா கூட்டத்தில் பேசி நாங்கள் கேட்டதில்லை. அன்றைக்கு எழுந்தாள். "அப்போ உங்க மவன ஏத்துங்க. என் மவன எறக்கிட்டு உங்க மவன அங்கன உக்கார வைங்க. நான் சோறு பொங்கி ஏத்துதேன், ஒரு வேளை தவறாது."

கஸ்பார் ஒலிபெருக்கியைப் பார்த்தார். பிறகு கை தூக்கச் சொன்னார்கள், அலை நிற்கட்டும் என்று கைகள் எழுந்தன, நிறையவே எழுந்தன. ரெக்சலின் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து அண்ணனைப் போனில் கூப்பிட்டாள்.

"முடிச்சா நான் விழுந்துருவனாட்டி?"

"தெரியலண்ணே."

"முடிக்காட்டா?"

"அங்கயே இருக்கணும்."

மெட்டு ஒரு சுற்று முடிந்து வெட்டு விழுந்தது, படகு ஆடிய சத்தம் போனில் கேட்டது. "மேல இருந்து பாத்தா நம்ம ஊரு அழகாத்தான் இருக்கு. பாத்தாச்சுட்டி. முடி" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, நல்ல வெயில் நேரத்தில் மெட்டு மாற்றுவதாக ஏற்பாடு. ஊர் மொத்தமும் தெருவில் நின்றது, கஸ்பார் புதுச்சட்டை போட்டிருந்தார். இரண்டு லேப்டாப்புகளையும் ஒரே ஆம்ப்ளிஃபையரில் இணைத்திருந்தார்கள். ரெக்சலின் புதிய மெட்டைப் பழையதோடு தாளம் பிசகாமல் சேர்த்து ஓடவிட்டாள், பிறகு வினோதா பழையதன் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க, இவள் புதியதன் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். அலை கவனிக்கவே இல்லை. மெட்டு கை மாறியது. கஸ்பார் கைதட்டப் போனார்.

அதற்குள் சுற்று முடிந்தது, மெட்டு முதலுக்குத் திரும்பாமல் நாங்கள் கேட்டிராத ஓரிடத்துக்குப் போனது. தூக்கத்தில்கூட அந்த மெட்டைச் சொல்லக்கூடியவர்கள் நாங்கள், ஆகையால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டது.

"எட்டி, இந்த எடம் இதுல கெடையாதே! என்ன செஞ்ச நீ?" என்று கஸ்பார் அலறினார்.

"முடிக்குதேன் மாமா" என்றாள் ரெக்சலின். அவள் கை ஆம்ப்ளிஃபையரை விட்டு எழவில்லை.

அவளை நோக்கிப் பாய்ந்தவர்கள் அலை அசைந்ததைப் பார்த்து நின்றுவிட்டார்கள். அலை உட்காரத் தொடங்கியது. பிரசவமான பெண் கட்டிலில் உட்காருகிற மாதிரி, எங்கெங்கோ பிடித்துக்கொண்டு, நின்று நின்று, தன் உச்சியில் இருந்த படகு சிந்தாமல் இறங்கியது. மெட்டு கடைசிச் சுரத்துக்கு வந்தது. அந்த ஒரே சுரம் நீண்டது, நீண்டுகொண்டே போனது, அது நீளும்வரை அலை இறங்கியது. ஆனால் அந்தச் சின்ன மென்பொருளில் கிடைத்தது மணியோசை, மணியோசை எவ்வளவு நீளும்? அலை பாதி உயரம் இருக்கும்போதே சுரம் மெலிந்தது. ரெக்சலின் சத்தத்தைக் கடைசிவரை திருகினாள். சுரம் நூலானது. அலையின் அடிவாரம் கலங்கியது, உச்சி முன்னால் துள்ளியது, படகு ஒருக்களித்தது, டிக்சன் பலகையைக் கட்டிப்பிடித்தான்.

அப்போது அலைக்கு நேர்கீழே தன் வாசற்படியில் நின்ற செபஸ்தியம்மா அந்தச் சுரத்தைத் தன் வாயில் வாங்கினாள். பாட்டு இல்லை, வெறும் ஊம் என்று ஒரு சத்தம். ஒரு கிழவியின் மூச்சுக்கு என்ன பலம் இருக்கும்? அது அறுந்து போகிற இடத்தில் இன்னொரு குரல் எட்டிப் பிடித்தது. கஸ்பார். முகமெல்லாம் கோபமாக, கண் ரெக்சலினை எரித்துக்கொண்டிருக்க, புதுச்சட்டைக்குள் நெஞ்சு விம்ம அவர் அந்தச் சுரத்தைப் பிடித்திருந்தார். பெரிய வெள்ளியன்று துக்கப்பாட்டு பாடும்போது ஒருவர் மூச்சு வாங்குகிற இடத்தில் பக்கத்தவர் விடாமல் பிடிப்பது எங்கள் ஊரில் பழக்கம், அந்தப் பழக்கத்தில் தெரு முழுக்கச் சுரம் பரவியது, கை தூக்கியவர்களும் தூக்காதவர்களும், குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவளும், தடுப்புக் கட்டைக்கு அந்தப்பக்கம் நின்ற வேன்காரர்களும், மாறி மாறி மூச்சு வாங்கி மாறி மாறிப் பிடித்தோம். பயத்தில் பிடித்தோம், விட்டால் செத்தோம் என்று பிடித்தோம். அலை கூரையளவு வந்தது, ஜன்னலளவு வந்தது, இடுப்பளவு வந்தது. படகின் அடிமரம் செபஸ்தியம்மா வாசலில் மணலைத் தொட்டது. தண்ணீர் எங்கள் கணுக்காலை நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது.

ஒவ்வொருவராக நிறுத்தினோம். கஸ்பார் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வினோதா பழைய மெட்டு ஓடிய லேப்டாப்பை மூடப்போனாள், அது சேமிக்கட்டுமா என்று கேட்டது, ரெக்சலின் வேண்டாம் என்று அழுத்தினாள். செபஸ்தியம்மா மட்டும் நிறுத்தவில்லை. டிக்சன் நடை மறந்த கால்களோடு படகைப் பிடித்துப் பிடித்து வந்து அவள் தோளில் கையை வைத்து, "போதும்மா, எறங்கிட்டேன்" என்றான். அவள் அவன் காலைப் பார்த்தாள், காலுக்குக் கீழே மணலைப் பார்த்தாள். பிறகுதான் நிறுத்தினாள்.

அடுத்த மழைக்காலத்தில் கடல் வந்து அந்த முதல் வரிசையை எடுத்துக்கொண்டது. கஸ்பார் சொன்னது பொய்யில்லை. செபஸ்தியம்மா குடும்பம் மூட்டை முடிச்சோடு பின்னால் போனது, இப்போது முதல் வரிசை கஸ்பாருடைய வீடு. அதற்காக அவர் இன்றுவரை ரெக்சலினோடு பேசுவதில்லை, எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆனால் கள்ளக்கடல் என்று அறிவிப்பு வருகிற நாளில் தன் மகன் படகு திரும்பவில்லை என்றால், அவர் தண்ணீர் ஓரத்தில் போய் நின்றுகொண்டு, யாரும் கேட்கவில்லை என்ற நினைப்பில் அந்தக் கடைசிச் சுரத்தைப் பிடித்திருப்பார். மகனின் கால் மணலில் படும்வரை விடமாட்டார். பக்கத்தில் போகிற நாங்கள் அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் பிடித்துக்கொள்கிறோம்.